ஏறின கியரிலேயே இறங்கு: ஆறு நாள் லாரிப் பயணம்

முதல் நாள்

ஸ்டியரிங் பிடித்து 26 வருடம் ஆகிறது. இந்த ஓட்டத்தில் என்னோடு வருவது ஒரு தம்பி. நாலு வருடம் கிளீனராக இருந்தான், கனரக லைசென்ஸ் எடுத்தான், இப்போது இரண்டாவது டிரைவராக ஏறியிருக்கிறான். இந்த லோடை இறக்கிவிட்டுத் திரும்பியதும் அவனுக்குத் தனி வண்டி. கிளம்பும்போது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லப்பா. அவன் தனியா போறப்பதான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சின் மிச்சம் எனக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் ஆறு நாளும் வண்டி நின்ற பிறகு ராத்திரியில் இதை எழுதிப் போடப் போகிறேன். புதிதாக வண்டி எடுக்கிற பிள்ளைகள் யாராவது படித்தால் போதும்.

லோடு, 21 டன் இரும்புக் குழாய். பிரேக் போட்டால் வண்டி நிற்கும். லோடும் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது வந்த வேகத்தோடு முன்னால் போகத்தான் பார்க்கும். குழாய்க்கு முன்னால் இருப்பது கேபின், கேபினில் இருப்பது நாம். ஐரோப்பாவில் லோடு கட்டுவதற்கு ஒரு தரக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: முன்பக்கம் லோடு எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதத்தையும் தாங்குகிற மாதிரி கட்டு இருக்க வேண்டும். எங்கள் லோடுக்கு முன்பக்கம் மட்டும் ஏறக்குறைய 17 டன் வருகிறது.

"இவ்வளவு கனம்ணே, இது எங்க நகரப் போகுது?" என்றான் தம்பி.

இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. கனம் கூடக்கூட, நிற்கும்போது அது தள்ளுகிற பலமும் கூடும். குழாய் முனைகள் முன்பலகையில் சந்து இல்லாமல் முட்டும்படி அடுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் முளைக்கம்பு, அடியில் உருளாமல் மரக்கட்டை, மேலே குறுக்காகச் சங்கிலி, சங்கிலிக்கு இடையில் பல்சக்கரம் வைத்து இறுக்குகிற ராட்செட் பெல்ட். லோடு ஏற்றுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனது. ஆகட்டும்.

பிறகு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இருவருமாக வண்டியைச் சுற்றினோம். காற்றுச் சரியாக இருக்கிற டயர் தட்டினால் கம்பியைத் திருப்பித் தள்ளும். காற்று இறங்கியது 'தொப்'பென்று வாங்கிக்கொள்ளும். இரட்டை டயருக்கு இடையில் சிக்கிய கல்லை நெம்பி எடுத்தான். பின்பக்கக் கிளீனர் சைடில் ஒரு வீல் நட்டுக்குக் கீழே, நகம் அகலத்துக்கு ஒரு துருக்கோடு வழிந்திருந்தது. காய்ந்த ரத்தம் மாதிரி நிறம். தம்பி அதை அழுக்கு என்று நினைத்துக் கடந்து போய்விட்டான். கூப்பிட்டு, விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நட்டு லூசானால் அடியில் உரசி உரசித் துரு கிளம்பும், மழையோ பனியோ பட்டால் இப்படிக் கோடாக ஒழுகும். ஸ்பேனர் போட்டான். கால் சுற்றுக்கு மேலேயே திரும்பியது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். இனி வாழ்நாளில் துருக்கோட்டை அழுக்கு என்று நினைக்க மாட்டான்.

60 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திக் கட்டுகளைப் பார்த்தோம். லோடு ஓட்டத்தில் படியும், படிந்தால் கட்டு தளரும். இரண்டு பெல்ட் மூன்று பல் கூடுதலாக ஏறியது.

இரண்டாம் நாள்

நாள் முழுக்க நேர் ரோடு. எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் நேர் ரோட்டில்தான் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் போனைத் தேடும்.

தம்பி போனை டேஷ்போர்டில் வைத்திருந்தான். 'டிங்' என்றது. ஓரக்கண்ணால் பார்த்தான். பார்த்தது ஒரு விநாடிகூட இருக்காது. அடுத்த 'டிங்'குக்குக் கை நீண்டது. நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரி கேபினுக்குள் கேமரா வைத்து எடுத்த கணக்கு 2009-இல் வெளியானது. ஓட்டிக்கொண்டே மெசேஜ் அடிக்கிற டிரைவருக்கு விபத்தோ, மயிரிழையில் தப்புகிற நிலைமையோ வருகிற வாய்ப்பு 23 மடங்கு. ஆறு விநாடியில் 4.6 விநாடி அவர்கள் கண் ரோட்டில் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அப்படியென்றால் 100 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறோம், 21 டன் குழாயோடு. கணக்குப் போட்டுக் காட்டியதும், "நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்றான். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நிறுத்திப் பேசலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளி என்று கேட்டான். மீட்டர் கணக்கு ஓடுகிற வண்டியில் யாருக்கும் கண்ணில் நிற்காது. விநாடிதான் நிற்கும். அமெரிக்க டிரைவர் கையேடுகளில் சொல்கிற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது: வண்டி நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் 1 விநாடி, வேகம் 64 கிலோமீட்டருக்கு மேல் போனால் இன்னும் 1 விநாடி. எங்கள் வண்டி 40 அடி, ஆக 5 விநாடி. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்து, நாம் அந்தக் கம்பத்துக்கு வரும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஏர் பிரேக்குக்குக் காற்று குழாய் வழியே போய்ச் சேரவே அரை விநாடி பிடிக்கிறது, அதற்கு முன்னால் நம் மூளைக்கு ஒரு விநாடிக்கு மேல். இடைவெளி விட்டால் நடுவில் கார் நுழைகிறது என்று கோபப்பட்டான். நுழையட்டும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் இடைவெளி திரும்ப வந்துவிடும்.

மூன்றாம் நாள்

இன்றைக்கு மலை இறக்கம். கை இன்னும் கனமாக இருக்கிறது, ஆனாலும் இதை விரிவாக எழுதாமல் தூங்க மாட்டேன்.

உச்சியில் ஒதுங்க இடம் இருந்தது. நிறுத்தினோம். பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டுகிற ஏர் கேஜ் 8 பாரில் இருக்கிறதா, புகை போகிற வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா, எந்தச் சக்கரத்திலாவது ஏற்கெனவே சூடு இருக்கிறதா என்று பார்த்தோம். தம்பி ஓட்டட்டும் என்று முடிவு செய்தேன். அவன் தனியாக இறங்கப் போகிற முதல் மலையில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே.

"சில பேர் நியூட்ரல்ல விடுவாங்கண்ணே, டீசல் மிச்சமாம்."

மிச்சமே இல்லை. இப்போதைய எஞ்சினில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். உயிரையும் வைத்து, டீசலையும் கூடுதலாகச் செலவழித்து இறங்குகிறார்கள். இதை ஒவ்வொரு டிரைவரிடமும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இன்னொரு கணக்கும் அவனுக்குச் சொன்னேன். வண்டியும் லோடுமாக 31 டன். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 600 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு கனம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, ஏறக்குறைய 5 லிட்டர் டீசலை எரித்தால் வருகிற சூடு. அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். எஞ்சின் வாங்கிக்கொண்டால் ரேடியேட்டர், புகைக்குழாய் வழியாகக் காற்றில் போகும். எஞ்சினுக்குக் கொடுக்காவிட்டால் அத்தனையும் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்முக்கு. டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற லைனரை விட்டு விலகும், லைனரும் பிடிப்பை இழக்கும். அதே வேகம் குறைய இன்னும் அழுத்த வேண்டும், அழுத்தினால் இன்னும் சூடு. 'பிரேக் பிடிக்கல' என்று சொல்கிறோமே, பல நேரம் அந்த பிரேக் நாலு கிலோமீட்டருக்கு முன்னாலிருந்தே செத்துக்கொண்டு வந்திருக்கும்.

'ஏறின கியர்லயே இறங்கு' என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் சொல்வார். இப்போதைய வண்டிகளில் எஞ்சின் லேசாகச் சுற்றுவதால் அதற்கும் ஒரு கியர் கீழே போட்டால் நல்லது. முக்கியமானது, அதை உச்சியிலேயே போட வேண்டும். பாதிச் சரிவில் வேகம் ஏறிய பிறகு கியரை எடுத்தால், கீழ்க் கியர் விழாது, எடுத்த கியரும் திரும்ப விழாது. நியூட்ரலில் மாட்டிக்கொள்வோம்.

மூன்றாவது கியரில், 30 கிலோமீட்டர் வேகம் என்று முடிவு செய்து இறங்கினான். 30-ஐத் தொடும்போது பிரேக்கை ஒரே சீராக அழுத்தி 22-க்குக் கொண்டுவருவது, முழுசாக விடுவது, மறுபடி 30 வரும்வரை தொடாமல் இருப்பது. பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் கெடுதல், டிரம்முக்கு ஆற நேரமே கிடைக்காது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. அவன் கழுத்து வியர்த்தது. ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை.

பாதி இறக்கத்தில் வாடை வந்தது. எரிந்த லைனர் வாடை, ஒருமுறை மூக்கில் பட்டால் மறக்காது. எங்கள் வண்டி இல்லை. வளைவு தாண்டினால் முன்னால் ஒரு லாரி ஓரம் கட்டி நிற்கிறது, பின்சக்கரத்திலிருந்து புகை. டிரைவர் சின்னப் பையன், கையில் தண்ணீர்க் குடத்தோடு சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். நான் கதவைத் திறந்து கத்தினேன். கொதித்துக் கிடக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு விழும். ஹேண்ட் பிரேக்கையும் எடுக்கச் சொன்னேன், கொதிக்கிற டிரம்மை லைனர் இறுக்கிப் பிடித்தபடி ஆறக்கூடாது. முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தோம். ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருந்தோம். தனியாகத்தான் வந்திருக்கிறான். எந்த கியரில் இறங்கினாய் என்று தம்பிதான் கேட்டான். "டாப்லண்ணே. கீழ மாத்தலாம்னு பார்த்தேன், விழல."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை விட்டுப் பிரிந்து மேட்டில் ஏறுகிற சரளைக்கல் பாதை ஒன்று இருந்தது. பிரேக் போன வண்டி புதைந்து நிற்பதற்கென்றே போட்டது. வண்டி சேதமாகுமே என்று யோசித்து அதைத் தாண்டிப் போனவர்கள் உண்டு. தம்பி, அப்படி ஒரு நாள் வந்தால் யோசிக்காதே, திருப்பு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

நான்காம் நாள்

மழை. வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம், இடைவெளியை இரட்டிப்பாக்கினோம்.

சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் உள்பக்க டயர் ஒன்று போனது. இந்த நேரத்தில் ரோட்டோரம் நிற்கிற லாரி, பின்னால் வருகிறவனுக்கு இருட்டோடு இருட்டு. மெதுவாக உருட்டியே ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்குகிற இடம் வரை போனோம். ஹசார்ட் லைட் போட்டு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் மாட்டி, சிவப்பு முக்கோணங்களை வைக்கப் போனான். 30 மீட்டரில் ஒன்று, 60 மீட்டரில் ஒன்று. அந்த 60 மீட்டர் என்பது 80-இல் வருகிறவனுக்கு மூன்று விநாடிகூட இல்லை, அதுவும் ஈர ரோட்டில். எங்களுக்குப் பின்னால் வளைவு இருந்ததால் மூன்றாவதை வளைவுக்கு அப்பாலேயே வைக்கச் சொன்னேன். முக்கோணத்தை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, விரித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

சக்கரம் மாற்றி முடித்ததும் முக்கோணங்களை எடுத்துவந்தான். கட்டை கொடுத்திருந்த கல்லையும் எடுத்தாயா என்று கேட்டேன். திரும்பிப் போய் எடுத்து ஓரத்தில் போட்டான். நாம் விட்டுப் போகிற கல், ராத்திரி பைக்கில் வருகிற யாரோ ஒருவருக்கு எமன்.

ஐந்தாம் நாள்

காலையில் 70 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நேற்று மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை மறுபடி முறுக்கினோம். மாற்றிய சக்கரம் ஓடிப் படிந்த பிறகு நட்டு கொஞ்சம் கொடுக்கும், அதனால் இது கட்டாயம். இரண்டு நட்டு கொடுத்தது.

மழையாலும் டயராலும் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறோம். மதியம் ஆபீசிலிருந்து போன். "ராத்திரி விடாம ஓட்டினா காலைல சேர்ந்துடலாமே?" கேட்டவர் நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலே ஒருவர் கேட்டிருப்பார். முடியாது, பத்து மணிக்கு நிறுத்துகிறோம், நாளை மதியம் வந்து சேரும் என்றேன். போனை வைத்ததும், "ரெண்டு பேர் இருக்கோமேண்ணே, மாத்தி மாத்தி ஓட்டலாமே" என்றான் தம்பி. நேற்று ராத்திரி டயர் மாற்றிவிட்டு இருவரும் நாலு மணி நேரம்தான் தூங்கினோம். இரண்டு பேர் அரைத் தூக்கத்தில் இருந்தால் முழு டிரைவர் ஒருவர் ஆகிவிட மாட்டார்.

14 வருடத்துக்கு முன்னால் நடந்ததை அவனிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். அப்போது வேறு ஒரு இடத்தில் வேலை. விடிவதற்குள் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், நானும் சரி என்றுவிட்டேன். முந்தின நாள் காலை ஏழு மணிக்கு எழுந்தவன், மறுநாள் அதிகாலை மூன்றரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் காற்று வாங்கினேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், கன்னத்தில் அறைந்துகொண்டேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது சக்கரத்துக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம். கண்ணைத் திறந்தால் ரோடு இல்லை, ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு மரத்தின் பட்டை. அந்தப் பட்டையில் அடித்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு, அதில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசை, எல்லாம் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. மிரர் போனது, நான் இருந்தேன். தூங்கியதாகவே எனக்கு நினைவில்லை. அதுதான் பயமே. கொட்டாவி தெரியும், தூக்கம் வந்த நொடி தெரியாது.

1997-இல் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். 17 மணி நேரம் விழித்திருக்கிறவனின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிறவன் அளவுக்குத் தடுமாறும். 24 மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நான் குடிக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு 20 மணி நேரம் விழித்தபடி ஓட்டினேன், குடித்துவிட்டு ஓட்டியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டங்களும் இதைத்தான் சொல்கின்றன. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. அமெரிக்காவில் ஒரு ஓட்டத்துக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இந்தியாவில் 1961-ஆம் வருடச் சட்டமே மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேரம் என்றது. எழுத்தில் இருப்பது ரோட்டில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக நம் உடம்பு சட்டத்தை மாற்றிக்கொள்ளாது. அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கேட்கும். கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும். அவசரத்துக்கு எனக்குக் கைகொடுப்பது இதுதான்: ஒதுங்கி நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே 20 நிமிடம் தூங்குவது. காபி வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். அதுவும் அடுத்த நல்ல நிறுத்தம் வரை போய்ச் சேரத்தான், ராத்திரி முழுக்க ஓட்ட இல்லை.

பத்து மணிக்கு நிறுத்தியாயிற்று. வெளிச்சமான இடம், நாலைந்து வண்டிகள் நிற்கின்றன. தம்பி குறட்டை விடுகிறான்.

ஆறாம் நாள்

நகரத்துக்குள் வந்தோம். கடைசி 12 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம்.

நெரிசலில் எனக்கு பயம் சைக்கிள்காரர்களும் நடக்கிறவர்களும்தான். கேபினுக்கு முன்னால் 6 மீட்டர், பின்னால் 9 மீட்டர், கிளீனர் சைடில் கதவுக்குக் கீழே ஒரு பெரிய துண்டு, எதுவுமே டிரைவருக்குத் தெரியாது. அவர்களோ, டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் தெரியும் என்று நம்பி வருகிறார்கள். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டும். அந்த இடத்தில்தான் சைக்கிள் நிற்கும். ஒரு சிக்னலில் தம்பி மிரரைப் பார்த்துவிட்டு, திருப்பாமல் காத்திருந்தான். எனக்குக் காரணம் தெரியவில்லை. பிறகு கதவுக்குக் கீழே இருந்து பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் குழந்தை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "மிரர்ல வந்துச்சுண்ணே, அப்புறம் காணோம். எங்கயும் போயிருக்காதுல்ல?" என்றான்.

குடோனில் ரிவர்ஸ். இறங்கி, பின்னால் போய், தரையையும் மேலே கம்பியையும் பார்த்துவிட்டு வந்து ஏறினான். இறங்கும்போது குதிக்கவில்லை, கேபினைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் பிடியில் இருக்க, படிப்படியாக. எங்கள் தொழிலில் கேபினிலிருந்து குதித்தே கணுக்காலும் முதுகும் போனவர்கள் எத்தனையோ பேர். நான் அவன் மிரரில் தெரிகிற இடத்தில் நின்று கை காட்டினேன். நான் தெரியாவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பது பேச்சு. ஒருமுறை வேண்டுமென்றே மறைந்து நின்றேன். வண்டி நின்றது.

லோடு இறங்கியது. குழாய் ஒன்றுகூட நகரவில்லை, கட்டும்போது வைத்த சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. நாளைக் காலை காலி வண்டியோடு திரும்புகிறோம். காலி வண்டி லேசு என்று நினைத்து அடித்து ஓட்டக் கூடாது. லோடுக்காகச் செய்த பிரேக்குக்கு டயரில் கனம் போதாமல், சக்கரம் லாக் ஆகித் துள்ளும். ஈர ரோட்டில் இன்னும் மோசம். அதை அவனிடம் சொல்லியாயிற்று.

ராத்திரி அவன் அம்மாவுக்கு போன் பண்ணினான். நானும் வாங்கிப் பேசினேன்.

"நல்லா ஓட்டுறானாப்பா?"

"நாளைக்குக் காலைல அவன்தாம்மா எடுக்கிறான். நான் கிளீனர் சீட்டுல பெல்ட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கப் போறேன்."